ஒரே ரூட்டரில் மூன்று நெட்வொர்க்

எங்கள் கடையில் பில் கம்ப்யூட்டர், கேமராக்கள், வாடிக்கையாளர் வைஃபை எல்லாம் ஒரே நெட்வொர்க்கில்தான் கிடந்தன. வைஃபை பாஸ்வேர்டைக் கல்லாவிலேயே ஒட்டியும் வைத்திருந்தோம். ஒருநாள் பில் கம்ப்யூட்டரின் ஷேர் ஃபோல்டர் என் போனில் சாவகாசமாகத் திறந்தபோதுதான் சுருக்கென்றது.

புது ரூட்டர் வாங்கவில்லை. இருந்ததிலேயே விலான் வசதி, அதாவது ஒரே நெட்வொர்க்கை எண் கொடுத்துத் தனித்தனியாகப் பிரிக்கும் வசதி இருந்தது. கடைக்கு 10, கேமராவுக்கு 20, விருந்தினர் வைஃபைக்கு 30 என எண் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் ரூட்டரின் ஐபி முகவரியும் அதே கணக்கில் 192.168.10.1, 192.168.20.1, 192.168.30.1. ஒவ்வொன்றுக்கும் தனி டிஹெச்சிபி (கருவிகளுக்குத் தானாக ஐபி முகவரி கொடுப்பது).

கேமராக்களுக்கு மட்டும் புது வரிசையில் ஐபி வரவேயில்லை. அரை நாள் கேபிளைத்தான் சந்தேகப்பட்டேன், பாவம் அது. கோளாறு, கேமரா கேபிள்களை ரூட்டரோடு இணைக்கும் ஸ்விட்சில்! கேமரா போர்ட்டுகளை 20-இல் 'அன்டேக்டு' (விலான் எண் ஒட்டாமல் வெளியே அனுப்புவது) என்று சேர்த்திருந்தேன். ஆனால் எண் ஒட்டாமல் உள்ளே வருவதை எந்த விலானில் சேர்ப்பது என்று சொல்லும் பிவிஐடி பழையபடி 1-இலேயே இருந்தது. கேமரா அனுப்புவதெல்லாம் விலான் 1-க்குள் போய்க்கொண்டிருந்தது. அதையும் 20 ஆக்கியதும் படம் வந்துவிட்டது. ஸ்விட்சிலிருந்து ரூட்டருக்குப் போகும் போர்ட்டில் மட்டும் எல்லா எண்ணும் 'டேக்டு', அதாவது விலான் எண் ஒட்டியே போகும்.

சரி, முடிந்தது என்று விருந்தினர் வைஃபையில் சோதித்தால், கேமரா ரெக்கார்டரின் லாகின் பக்கம் ஜம்மென்று திறக்கிறது! விலான்களுக்கு இடையே ரூட்டரே பாதை போட்டுக் கொடுத்துவிடுகிறது. 30-லிருந்து 10, 20 இரண்டுக்கும் ரூட்டரின் ஃபயர்வாலில் (எது எங்கே போகலாம் என்று வடிகட்டும் பகுதி) தடை போட்டேன். ரூட்டரின் அட்மின் பக்கத்துக்கும் தடை. ரூட்டரில் அவர்களுக்கு டிஹெச்சிபி, டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவது) மட்டும் திறந்திருக்கின்றன.

நடுவில் நான் உட்கார்ந்திருந்த போர்ட்டையே மாற்றி, ரூட்டருக்குள் போக முடியாமல் ரீசெட் செய்த கதையும் உண்டு. இப்போது ரூட்டருக்குள் போவதற்கென்றே ஒரு போர்ட்டை விட்டுவைத்திருக்கிறேன், அதை மட்டும் தொடுவதே இல்லை.