பழைய ஓகனைக் கொடுத்துப் புதியது எடுப்பதற்கு முன்

“பழசைக் கொண்டு வாருங்கள், எழுபதாயிரம் கழித்துத் தருகிறோம்” என்று கொம்பனி அறிவித்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பழசு இல்லாமல், முழுக் காசும் கையில் வைத்துக் கேட்டால் அதே புது ஓகனை, அதாவது கீபோர்ட்டை, என்ன விலைக்குத் தருவீர்கள்? உதாரணத்துக்கு, குறித்த விலை 420,000 ரூபாய் என்று வையுங்கள். மாற்றுத் திட்டத்தில் 350,000. ஆனால் ரொக்கத்துக்கு 30,000 கழிவு உண்டென்றால் 390,000. அப்படியானால் உங்கள் பழைய ஓகனுக்கு உண்மையில் கிடைப்பது 40,000 தான். கிண்ணியாவிலோ மூதூரிலோ பழகத் தொடங்கும் ஒரு பிள்ளைக்கு அதை 55,000க்கு விற்க முடியுமானால் அதுவே இலாபம். மாற்றிக் கொடுக்க திருகோணமலையிலிருந்து கொழும்புவரை 260 கிலோமீற்றர் கொண்டுபோக வேண்டியிருந்தால் அந்தக் கூலியையும் கணக்கில் சேருங்கள். ஓடாத, விற்க முடியாத ஓகனுக்குத்தான் இப்படியான திட்டம் நன்றாகப் பொருந்தும். ஆனால் “ஓடாவிட்டாலும் எடுப்போம்” என்பது நிபந்தனையில் எழுத்தில் இருக்க வேண்டும்.

நிபந்தனைகளில் வேறு நாலு விஷயங்களையும் பாருங்கள். எந்தெந்தப் புது மொடலுக்குச் செல்லும், எந்தத் திகதி வரை, பழசு வேறு கொம்பனியுடையதாக இருக்கலாமா, முதல் வாங்கிய பற்றுச்சீட்டு வேண்டுமா. சென்னையிலிருந்தோ டுபாயிலிருந்தோ கையில் கொண்டுவந்ததை இங்குள்ள முகவர் ஏற்காமல் விடலாம். ஆகவே புறப்படுமுன் அடியிலுள்ள தொடர் இலக்கத்தைப் படமெடுத்து அனுப்பிக் கேளுங்கள்.

மாற்றத்தான் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். உள் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்திருந்தால் கொம்பனியின் தளத்தில் அது பெரும்பாலும் இலவசம். குறை வன்பொருளில் இருந்தால்தான் மாற்றுவதில் அர்த்தம் உண்டு. யமஹா பி.எஸ்.ஆர். ஈ373 என்ற மொடலில் சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் இல்லை. வெளியே ஒலி எடுக்க ஹெட்போன் வாய் மட்டும்தான், அதில் செருகினால் ஓகனின் சொந்த ஸ்பீக்கர் அடங்கிவிடும். கோயில் மண்டபத்தில் மிக்ஸருக்குக் கொடுத்துவிட்டுத் தன் வாசிப்பைத் தானே கேட்க முடியாமல் தவிப்பவருக்கு இது நல்ல காரணம். யமஹாவின் ஈ473இலும் எஸ்.எக்ஸ். வரிசையிலும் லைன் அவுட், அதாவது ஸ்பீக்கரை அடக்காமல் மிக்ஸருக்கு ஒலி கொடுக்கும் வாய், தனியாக உண்டு.

இனிப் பழசைச் சோதியுங்கள். மதிப்பிடுபவர் கண்டுபிடித்து விலையைக் குறைக்குமுன் நீங்களே கண்டுபிடித்தால், பாதிக் குறைகளை வீட்டிலேயே தீர்க்கலாம். பியானோ ஒலியைத் தெரிவுசெய்து, டச் (அழுத்தும் பலத்துக்கேற்ப ஒலி கூடிக் குறையும் வசதி) இயங்கவிட்டு, 61 கட்டைகளையும் இடமிருந்து வலமாக மெதுவாக ஒரு முறை, பலமாக ஒரு முறை அழுத்துங்கள். கருவியிலுள்ள ‘ஓகன்’ என்ற ஒலியில் சோதித்தால், அது எப்படி அழுத்தினாலும் ஒரே பலத்தில் வருவதால், இந்தக் குறை தெரியாது. ஒவ்வொரு கட்டையின் கீழும் றப்பரில் இரண்டு கரிப்பொட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடும். அந்த இடைவெளி நேரத்தை வைத்துத்தான் கருவி பலத்தைக் கணிக்கிறது. ஒரு பொட்டில் அழுக்குப் படிந்தால் கட்டை பேசாது, அல்லது மெல்லத் தொட்டாலும் அலறும். உப்புவெளி, நிலாவெளிப் பக்க வீடுகளில் கடற்காற்றின் ஈரமும் தூசியும் இதற்குப் போதும். 90 வீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரப்பைல் அல்ககோலில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக்குச்சியால் பொட்டையும் பலகையிலுள்ள கறுப்புத் தடத்தையும் மெதுவாகத் துடையுங்கள். சுரண்டினால் கரி உரிந்துவிடும், பிறகு றப்பர்ப் பட்டியையே மாற்ற வேண்டிவரும்.

ஸ்பீக்கர் முற்றாகப் பேசாவிட்டால் பயந்துவிடாதீர்கள். ஹெட்போன் வாய்க்குள் இருக்கும் சுவிட்ச் களிம்பேறி, ஹெட்போன் செருகியபடியே இருப்பதாகக் கருவி நினைத்துக்கொண்டிருக்கலாம். பிளக்கைப் பத்துத் தடவை செருகி எடுத்துப் பாருங்கள். பற்றரி அறையையும் திறந்து பாருங்கள். அல்கலைன் பற்றரி கசிந்து வெள்ளைப் பூப் பூத்திருந்தால் வினாகிரி தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு அல்ககோலால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

அடாப்டர் பழசோடு போக வேண்டும், புதியதற்கு அதை வைத்துக்கொள்ளக் கூடாது. யமஹா பி.ஏ.150 என்பது 12 வோல்ட், எஸ்.எக்ஸ்.900க்கு உரிய பி.ஏ.300சி 16 வோல்ட். பழைய கசியோ ஏ.டி.5இல் நடுமுனை கழித்தல், யமஹாவில் நடுமுனை கூட்டல். செருகும் வாய் பொருந்துகிறது என்பதை நம்பக் கூடாது. ஜப்பானில் பாவித்து இங்கு வந்த டிஜிட்டல் பியானோ 100 வோல்ட்டாக இருக்கலாம். நம் 230 வோல்ட்டில் நேரே போட்டால் எரிந்துவிடும், அதைக் கொடுக்கும்போது ட்ரான்ஸ்போமரையும் சேர்த்துக் கொடுங்கள்.

அடுத்தது எல்லாவற்றிலும் பெரிய வேலை, உள்ளே இருக்கும் உங்கள் சேமிப்பு. எந்தப் பாட்டுக்கு எந்த ஒலி, எந்த ஸ்டைல் (கருவி தானே வாசிக்கும் தாளப் பின்னணி), என்ன வேகம், இடக்கைக்கும் வலக்கைக்கும் எங்கே கட்டை பிரிகிறது என்று பல வருடமாகப் பதிந்து வைத்ததற்கு எந்தத் திட்டமும் ஒரு சதம் தராது. யமஹா எஸ், எஸ்.எக்ஸ். வரிசைகளில் முழு பேக்கப் கோப்பை மட்டும் நம்பாதீர்கள், அது அதே மொடலுக்குத் திரும்ப ஏற்றவே உரியது. ரெஜிஸ்ட்ரேஷன் (ஒரு பட்டனில் பதிந்து வைத்த அமைப்பு) வங்கிகளையும் ஸ்டைல்களையும் தனித்தனிக் கோப்பாக, FAT32 முறையில் ஃபோர்மட் செய்த யூ.எஸ்.பி.யில் பிரதி எடுங்கள். ரெஜிஸ்ட்ரேஷனுக்குள் ஸ்டைல் இருப்பதில்லை, அது இருக்கும் பாதை மட்டுமே இருக்கிறது. யூ.எஸ்.பி.யில் “பஜனை” என்ற கோப்புறையில் இருந்ததைப் புதியதில் “கோயில்” என்று மாற்றினால், பட்டனை அழுத்தும்போது ஒலி வரும், தாளம் வராது. கோப்புறைப் பெயரைத் தொடாதீர்கள். கோர்க் கொம்பனியின் பா வரிசையில் சேவ் ஓல் (Save All) கொடுத்து உருவாகும் SET கோப்புறையை அப்படியே முழுதாகப் பிரதி எடுங்கள். மேலதிக ஒலிகளும் ஸ்டைல்களும் அடங்கிய யமஹா எக்ஸ்பான்ஷன் பொதிகள் அந்தந்தக் கருவிக்கென்று கட்டப்பட்டவை. புதிய கருவியிலிருந்து தகவல் கோப்பை எடுத்து, கணினியில் மீண்டும் கட்டித்தான் ஏற்றலாம். ஈ வரிசைக்காரர்கள் கொப்பியில் எழுதிவைப்பதே உத்தமம்: பாட்டு, ஒலி இலக்கம், ஸ்டைல் இலக்கம், வேகம், ட்ரான்ஸ்போஸ் (சுருதி ஏற்ற இறக்கம்).

பிரதி வேறு யூ.எஸ்.பி.யிலும் இருப்பதை உறுதிசெய்த பிறகே பழசில் உள்ளதை அழியுங்கள். பி.எஸ்.ஆர். ஈயில் வலதுகோடி வெள்ளைக் கட்டையை அழுத்தியபடி மின்னைப் போட்டால் பதிவுகள் அழியும்; அதோடு வலதுகோடிக் கறுப்புக் கட்டைகள் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஏற்றிய கோப்புகளும் போகும்.

ஏற்றி அனுப்புவதாயின் கட்டைகள் மேல்நோக்க, இரு முனைகளிலும் தடித்த றெஜிபோம் வைத்துக் கட்டுங்கள். எஸ்.எக்ஸ்.900 ஒரு மீற்றருக்குச் சற்று மேல் நீளம், 11.5 கிலோ, பஸ்ஸின் பின்சீற்றில் நிறுத்தி வைத்தால் விழுந்து கட்டை உடையும். மார்கழி மழையில் பொலித்தீன் கட்டாயம்.

கடையில் பற்றுச்சீட்டில் முழு விலையும் பழசுக்கான கழிவும் தனித்தனியாக வரட்டும். பழசைப் பெற்றுக்கொண்டதாகத் தொடர் இலக்கத்தோடு ஒரு துண்டும் வாங்குங்கள். உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் திகதியும் விழ வேண்டும். திருத்த வேலை கொழும்பில் மட்டுமென்றால் ஏற்றுக்கூலி யாருடையது என்று அங்கேயே எழுதி வாங்குங்கள். யூ.எஸ்.பி.யைக் கையோடு கொண்டுபோய்ப் புதிய கருவியில் போட்டு, உங்கள் ரெஜிஸ்ட்ரேஷனில் மூன்று பாட்டையாவது வாசித்துப் பாருங்கள். அதுவரை பழைய ஓகன் உங்கள் பக்கத்து மேசையிலேயே இருக்கட்டும்.