டிபிஒய்டி சோதனை: முதல் டோஸுக்கு முன் செய்ய வேண்டியதும் தவறுகள் நுழையும் இடங்களும்

5-ஃப்ளூரோயுராசிலும் (சுருக்கமாக 5-எஃப்யூ), உடலுக்குள் போய் அதே மருந்தாக மாறும் கேப்சிடாபின் மாத்திரையும் குடல், இரைப்பை, மார்பகப் புற்றுநோய்களுக்குப் பல பத்தாண்டுகளாகக் கொடுக்கப்படுகின்றன. உடலில் ஏறும் 5-எஃப்யூவில் 80 சதவீதத்துக்கும் மேல் டிபிடி என்ற நொதியால் உடைகிறது. இதில் பெரும்பகுதி கல்லீரலில் நடக்கிறது. இந்த நொதி குறைவாக உள்ளவருக்கு வழக்கமான டோஸே பல மடங்கு டோஸாகிவிடும். கடுமையான வயிற்றுப்போக்கு, வாய் முழுக்கப் புண், வெள்ளணுக்கள் சரிவது என்று தொடங்கி உயிரே போகலாம். நொதியை உருவாக்கும் மரபணு டிபிஒய்டி. அதைச் சோதிக்க ஒரு குழாய் ரத்தமும் ஒரு நாள் வேலையும் போதும். முடிவு முதல் டோஸுக்கு முன்பே மருத்துவர் கையில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வந்தால் பாதிப் பயன் போய்விடும்.

எதைச் சோதிக்க வேண்டும்

குறைந்தபட்சம் நான்கு மாறுபாடுகள். நொதியை முழுதாகச் செயலிழக்கச் செய்பவை இரண்டு: சி.1905+1ஜி>ஏ (நட்சத்திரம் 2ஏ என்பார்கள்), சி.1679டி>ஜி (நட்சத்திரம் 13). பாதியளவு குறைப்பவை இரண்டு: சி.2846ஏ>டி, சி.1129-5923சி>ஜி. கடைசியாகச் சொன்னதுதான், சேர்ந்தே கடத்தப்படும் மாறுபாடுகளான ஹாப்-பி3 எனப்படும் தொகுப்பின் உண்மையான குற்றவாளி. பல ஆய்வகங்கள் இதற்குப் பதிலாக, வழக்கமாக அதோடு சேர்ந்தே வரும் சி.1236ஜி>ஏ-வைப் பார்க்கின்றன. அரிதாக இந்த இரண்டும் பிரிந்தும் வருகின்றன. அப்போது நல்ல நொதி உள்ளவருக்கு வீணாக மருந்தைக் குறைப்போம், அல்லது குறைக்க வேண்டியவரைத் தவறவிடுவோம். முடிந்தவரை 1129-5923-ஐ நேரடியாகவே பாருங்கள்.

இந்த நான்கும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் கண்டறியப்பட்டவை. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் சி.557ஏ>ஜி முக்கியம், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கை மட்டும் பார்த்துவிட்டு "குறை இல்லை" என்று எல்லோருக்கும் எழுதுவது சரியல்ல.

மாதிரி

இடிடிஏ குழாயில் 2 முதல் 3 மில்லி ரத்தம் போதும். ஹெப்பாரின் குழாய் வேண்டாம், அது டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் வினையையே தடுக்கும். 200 மைக்ரோலிட்டர் ரத்தத்திலிருந்தே சில மைக்ரோகிராம் டிஎன்ஏ கிடைக்கும். டிஎன்ஏவின் தூய்மையைக் காட்டும் 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம் 1.7 முதல் 1.9 வரை இருந்தால் நல்லது.

கட்டியிலிருந்து எடுத்த திசுவை வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். நமக்குத் தேவை பிறவியிலேயே உள்ள மரபணு. கட்டியில் குரோமோசோம் துண்டுகள் காணாமல் போயிருக்கலாம். அத்தோடு ஃபார்மலினில் ஊறிய திசுவில் சி எழுத்து டி-யாக மாறித் தெரிவது சகஜம். மரபணுத் தொகுப்பின் மேல் இழையில் (விளக்கம் கீழே 'இழைக் குழப்பம்' பகுதியில்) நட்சத்திரம் 2ஏ-யும் அதே சி>டி மாற்றமாகத்தான் தெரியும்.

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பெற்றவரிடம் ரத்தம் எடுத்தால் வருவது கொடையாளியின் டிஎன்ஏ. மருந்தை உடைக்கும் கல்லீரலோ நோயாளியுடையது. கன்னத்தின் உட்புறம் தேய்த்து எடுத்தாலும் கொடையாளியின் வெள்ளணுக்கள் கலந்திருக்கும். தோல் செல்களை வளர்த்து எடுப்பது நம்பகமான வழி, ஆனால் வாரங்கள் ஆகும். அவசரமென்றால் மரபணுவை விட்டுவிட்டு, இதே நொதி உடைக்கும் இயற்கைப் பொருளான யுராசிலின் ரத்த அளவைப் பாருங்கள்.

பிசிஆர் ஓட்டம்

ஒளிரும் புரோப் கொண்ட ரியல் டைம் பிசிஆர் முறையில், 10 மைக்ரோலிட்டர் வினை ஒன்றுக்கு: இருமடங்கு செறிவுள்ள மாஸ்டர் மிக்ஸ் 5 மைக்ரோலிட்டர், இருபது மடங்கு செறிவுள்ள புரோப் கலவை 0.5 மைக்ரோலிட்டர், மீதி 4.5 மைக்ரோலிட்டரில் 10 நானோகிராம் டிஎன்ஏ. 95 டிகிரியில் 10 நிமிடம், பிறகு 95 டிகிரியில் 15 நொடி, 60 டிகிரியில் 1 நிமிடம் என்று 40 சுற்றுகள். கிட்டோடு வரும் நிரல் வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஒவ்வொரு தட்டிலும் டிஎன்ஏ இல்லாத குழி ஒன்று, ஒவ்வொரு மாறுபாட்டுக்கும் மரபணு வகை தெரிந்த மாதிரிகள் கட்டாயம். இவை அரிதான மாறுபாடுகள். தட்டில் 90 பேர் இருந்தும் ஒருவரிடம்கூட நட்சத்திரம் 13 இல்லாமல் போவது இயல்பு. ஒப்பிட மாதிரி இல்லாவிட்டால் மென்பொருள், மாதிரிக்கு ஒன்றாக வரைபடத்தில் விழும் எல்லாப் புள்ளிகளையும் ஒரே கூட்டமாகப் பார்த்து, சற்று விலகிய ஒன்றை அரிய வகை என்று முத்திரை குத்திவிடும். கோரியல் செல் வங்கியில் வகை உறுதியான டிஎன்ஏ கிடைக்கிறது. இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் நிற்கும் புள்ளியை எந்தப் பக்கமும் தள்ளாதீர்கள். டிஎன்ஏ அளவைச் சரிபார்த்து மறுபடி ஓட்டுங்கள். மரபணுவின் இரு பிரதிகளிலும் (தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று) ஒரே மாறுபாடு இருப்பதாகத் தெரிந்தால், வேறு பிரைமர் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) வைத்து, எழுத்தெழுத்தாகப் படிக்கும் சாங்கர் வரிசைப்படுத்தலில் உறுதி செய்யுங்கள். பிரைமர் ஒட்டும் இடத்தில் வேறொரு மாற்றம் இருந்தால் ஒரு பிரதி பெருகாமலே மறைந்துவிடும்.

இழைக் குழப்பம்

அதிகம் சறுக்குவது இங்கேதான், நிதானமாகப் படியுங்கள். டிபிஒய்டி 1-ஆவது குரோமோசோமின் எதிர் இழையில் எழுதப்பட்ட மரபணு. வரிசைப்படுத்தும் இயந்திரத்தின் கோப்போ மேல் இழையின் எழுத்துகளைத்தான் தரும். எனவே 1905+1ஜி>ஏ அங்கே சி>டி ஆகவும், 1679டி>ஜி அங்கே ஏ>சி ஆகவும் இருக்கும். இவற்றில் தவறு நேர்ந்தால் எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆபத்து மற்ற இரண்டில். 2846ஏ>டி திரும்பினால் டி>ஏ, 1129-5923சி>ஜி திரும்பினால் ஜி>சி. இழை மாறினாலும் அதே இரண்டு எழுத்துகள்தான். ஆகவே "ஏ/ஏ" என்று மட்டும் எழுதிய கோப்பிலிருந்து அது நல்ல வகையா மோசமான வகையா என்று சொல்ல முடியாது. ஒரு பிரதி மட்டும் மாறியவருக்குப் பிரச்சினையில்லை, எப்படிப் படித்தாலும் ஏ/டி. நல்ல வகை இரு பிரதிகளிலும் உள்ள பெரும்பான்மையினர்தான் மோசமானவர்களாகப் புரண்டு தெரிவார்கள். தட்டில் பாதிக்கு மேல் 2846 இரு பிரதியும் மாறியவர்களாக வந்தால் அது மக்களின் மரபணு அல்ல, உங்கள் அட்டவணையின் பிழை. எந்த இழை, எந்த மரபணுத் தொகுப்புப் பதிப்பு என்பதை ஒவ்வொரு கோப்பிலும் எழுதிவைப்பதே ஒரே தீர்வு.

மதிப்பெண்ணும் டோஸும்

ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு மதிப்பெண்: நல்லது 1, பாதி 0.5, செயலற்றது 0. இரண்டையும் கூட்டுங்கள். 2 என்றால் வழக்கமான டோஸ். 1.5 அல்லது 1 என்றால் தொடக்க டோஸில் 50 சதவீதக் குறைப்பு. தாங்கினால் அடுத்த சுற்றுகளில் படிப்படியாக ஏற்றலாம். 0.5 அல்லது 0 என்றால் இந்த மருந்துகளையே தவிர்க்க வேண்டும். 0.5 உள்ளவருக்கு வேறு வழியே இல்லையென்றால் மிகக் குறைந்த டோஸில், ரத்தத்தில் மருந்தளவைக் கண்காணித்துத் தொடங்கலாம். 1.5-க்கும் 50 சதவீதக் குறைப்பு என்பது, மரபணுவை வைத்து மருந்து அளவைப் பரிந்துரைக்கும் சர்வதேசக் குழுவான சிபிஐசி வழிகாட்டியின் 2018 திருத்தத்தில் வந்தது, பழைய அட்டவணையை வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

இரண்டு மாறுபாடுகள் ஒருவரிடமே இருந்தால்? நட்சத்திரம் 2ஏ-யும் 2846-உம் ஒரே பிரதியில் இருந்தால் மற்ற பிரதி நலமாக இருக்கும், மதிப்பெண் 1. வெவ்வேறு பிரதிகளில் இருந்தால் 0.5. பாதி டோஸா, மருந்தே கூடாதா என்பது இதில்தான் இருக்கிறது. மரபணு 8 லட்சம் எழுத்துகளுக்கு மேல் நீளம். வரிசைப்படுத்தும் இயந்திரம் தரும் குட்டி வாசிப்புகளால் எது எந்தப் பிரதியில் என்று பிரித்துச் சொல்ல முடியாது. பெற்றோரைச் சோதியுங்கள், அல்லது யுராசில் பாருங்கள். அதுவரை 0.5 என்றே கொள்வது பாதுகாப்பு.

யுராசில் சோதனை

ரத்தத் திரவத்தில் மில்லிலிட்டருக்கு 16 நானோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் பகுதிக் குறைபாடு, 150-ஐத் தொட்டால் முழுக் குறைபாடு. குழாயை மேசையில் விட்டால் ரத்த அணுக்களிலிருந்தே யுராசில் ஏறிக்கொண்டு போய் நல்லவரும் குறையுள்ளவராகத் தெரிவார். எடுத்ததும் பனியில் வைத்து விரைவாகத் திரவத்தைப் பிரித்தெடுங்கள். சிறுநீரகம் பழுதானவர்களிடமும் அளவு உயர்ந்து நிற்கும்.

அறிக்கையில்

சோதித்த மாறுபாடுகளின் பெயர்கள், மதிப்பெண், டோஸ் பரிந்துரை மூன்றும் முதல் பக்கத்திலேயே வர வேண்டும். "சோதித்த மாறுபாடுகள் காணப்படவில்லை" என்று எழுதுங்கள், "இயல்பு" என்று எழுதாதீர்கள். அக்கிப் புண்ணுக்குக் கொடுக்கும் பிரிவுடின் மருந்தைப் பற்றி ஒரு வரி சேருங்கள்: அது நல்ல நொதியையும் முடக்கிவிடும், குறைந்தது 4 வாரம் இடைவெளி வேண்டும். சோதனைக்கு முன்பே மருந்து ஏறி நச்சு தொடங்கிவிட்டால் முறிவு மருந்தான யுரிடின் ட்ரைஅசிடேட் இருக்கிறது: கடைசி டோஸ் முடிந்து 96 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், பெரியவர்களுக்கு 10 கிராம், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, மொத்தம் 20 தடவை. மதிப்பெண் 1 அல்லது அதற்குக் கீழ் வந்தால் அறிக்கையை அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள், சொன்ன நேரத்தையும் குறித்துவையுங்கள்.