ஸ்போர்ட்டி செடானா, சின்ன சரக்கு வேனா? வாங்குவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தச்சு வேலை செய்பவர், கச்சேரிக்கு டிரம்ஸ் கொண்டுபோகிறவர், போட்டோ எடுக்க லைட்டும் ஸ்டாண்டும் சுமப்பவர் என்று இந்தக் குழப்பத்தில் நிற்பவர்கள் நிறையப் பேர். பொருள் ஏற்ற வண்டி வேண்டும், ஆனால் ஓட்டினால் மனசுக்கு நன்றாக இருக்கவும் வேண்டும். கையில் இருப்பதோ ஒரு வண்டிக்கான பணம். இந்த நிலையில் பெரும்பாலும் தவறாகப் போவது வண்டியின் தரத்தால் அல்ல. எந்த எண்ணைப் பார்த்து முடிவெடுக்கிறோம் என்பதில்தான் கோளாறு.

முதல் ஏமாற்று எண், டிக்கியின் லிட்டர் கணக்கு. பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் செடானுக்கு 480 லிட்டர் என்று போட்டிருக்கும். கேட்க நிறைவாக இருக்கும். இந்தக் கணக்கை எப்படி எடுக்கிறார்கள்? ஐரோப்பாவில் பரவலாக உள்ள வி.டி.ஏ. (ஜெர்மன் வாகனத் தொழில் சங்கம்) முறையில், 200×100×50 மில்லிமீட்டர் அளவுள்ள கட்டைகளை அடுக்கி எண்ணுவார்கள். ஒரு கட்டை ஒரு லிட்டர். அவ்வளவு சின்னக் கட்டை எந்தச் சந்திலும் நுழைந்துவிடும். உங்கள் டிரம் பெட்டி நுழையாது.

செடானில் இடத்துக்குப் பஞ்சம் இல்லை, வாய்தான் சிறியது. பின்கண்ணாடி சரிந்து வருவதால் டிக்கி மூடி குட்டையாகிவிடுகிறது. ஆழம் இருந்தும் உயரமான பெட்டி உள்ளே போகாது. சில கார்களில் மூடியின் வளைந்த கைகள் டிக்கிக்குள்ளேயே இறங்கி, மேலே வைத்த பொருளை நசுக்கும். பின்சீட்டை மடக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால், சீட்டுக்குப் பின்னால் காரின் உடலை விறைப்பாக்கும் இரும்புச் சட்டகம் இருக்கும். திறப்பு நாம் எதிர்பார்த்ததில் பாதிகூட இருக்காது. ஓட்டத்துக்காகவே செய்யப்பட்ட செடான்களில் நிலைமை இன்னும் மோசம். மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 10-இல் எடையைப் பின்பக்கம் கொண்டுபோவதற்காக பேட்டரியையே டிக்கிப் பக்கம் வைத்தார்கள். பின்சீட் மடங்கவே மடங்காது.

ஆகவே நீங்கள் ஏற்றப்போகும் பொருட்களில் மிகப் பெரியது எதுவோ, அதன் அளவில் ஒரு வெற்று அட்டைப் பெட்டியைச் செய்து ஷோரூமுக்கு எடுத்துப் போங்கள். விற்பவர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். பெட்டி நேராக நுழைகிறதா, சாய்த்தால்தான் நுழைகிறதா என்று பாருங்கள். பொருள் கனமாக இருந்தால் சாய்த்து நுழைப்பது அன்றாடம் நடக்கிற காரியம் இல்லை. டிக்கியின் பின்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும் அளந்துகொள்ளுங்கள். அதைத் தாண்டித் தூக்கி, அப்புறம் உள்ளே குனிந்து இறக்கும்போதுதான் இடுப்பு பிடித்துக்கொள்ளும். வேனில் அந்த வேலை இல்லை. தளத்தில் வைத்து உள்ளே தள்ளினால் போதும். சிட்ரோயன் பெர்லிங்கோ வேனின் குட்டை மாடலே சுமார் 3.3 கன மீட்டர், அதாவது அந்த 480 லிட்டரைப்போல ஏறக்குறைய ஏழு மடங்கு. சக்கர மேடுகளுக்கு நடுவே சுமார் 1.2 மீட்டர் அகலம் கிடைப்பதால் 1200×800 மில்லிமீட்டர் யூரோ பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) ஒன்று அப்படியே உட்காரும்.

இடம் இருக்கிறதே என்று நிரப்பிவிடுவது அடுத்த தவறு. சின்ன வேன்கள் தாங்குகிற சுமை, மாடலைப் பொறுத்து ஏறத்தாழ 500 முதல் 1000 கிலோ வரை. ஒரு கன மீட்டர் தண்ணீரே 1000 கிலோ, உலர்ந்த மணல் சுமார் 1600 கிலோ. தரை ஓடு ஏற்றுகிறவருக்கு வேனின் தளம் நிறையும் முன்பே வரம்பு முடிந்துவிடும். மேலே உள்ள காலி இடத்தால் அவருக்குப் பயன் இல்லை. சுமை வரம்பு என்பது வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால் வருவது. அந்தக் காலி எடையில் ஐரோப்பிய விதிப்படி ஓட்டுநருக்கு 75 கிலோ சேர்த்திருப்பார்கள். வேறு கணக்குகளில் சேர்த்திருக்க மாட்டார்கள். அட்டவணை எதைச் சொல்கிறது என்று கேட்டுவிடுங்கள். அப்புறம் உள்ளே அடிக்கும் பிளைவுட், ரேக், இழுவைக் கொக்கி, பக்கத்து சீட்டில் உட்காரும் உதவியாள் எல்லாமே அந்த வரம்பிலிருந்துதான் கழியும்.

செடானும் எடை தாங்கும். ஆனால் எந்த இடத்தில் தாங்குகிறது என்பது முக்கியம். டிக்கியில் ஏற்றும் எடையில் பெரும்பகுதி பின் ஆக்சிலுக்குப் பின்னால் உட்காருகிறது. பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் எழும்பும், ஸ்டீயரிங் லேசாகும், ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். வேனிலோ கனமான பொருளை ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் உள்ள தடுப்பை ஒட்டி, ஆக்சிலுக்கு முன்னால் வைக்க முடியும். பந்தயக்கார் சஸ்பென்ஷன் இருந்தால் எடை தாங்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது வளைவில் சாயாமல் இருக்க விறைப்பாக்கியது. மூட்டை ஏற்றுவதற்கு அல்ல.

டெஸ்ட் டிரைவில் நடக்கும் தவறு கொஞ்சம் வேடிக்கையானது. காலி வேனை ஓட்டிப் பார்த்துவிட்டு, பின்பக்கம் துள்ளுகிறது, உள்ளே தகர டப்பாபோல் அதிர்கிறது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எடை ஏறியதும் அதே வேன் அடங்கிவிடும். பின் ஸ்பிரிங் சுமைக்காகவே கட்டப்பட்டது. செடான் நேர் எதிர்: தனியாக ஓட்டும்போது அருமையாக இருக்கும், நான்கு பேரும் பெட்டிகளும் ஏறினால் அந்தத் துடிப்பு பாதி போய்விடும். ஆக, இரண்டையும் நீங்கள் வழக்கமாக ஏற்றும் எடையோடு ஓட்டிப் பார்த்தால்தான் ஒப்பீடு நியாயம். எடை வைத்து ஓட்டிப்பார்க்க விடமாட்டேன் என்று சொல்லும் விற்பனையாளரிடம் நான் வேன் வாங்க மாட்டேன்.

சாலை மோசமாக இருந்தால் டயரையும் பாருங்கள். 225/40 ஆர்18 டயரின் பக்கச்சுவர் 90 மில்லிமீட்டர்தான். 195/65 ஆர்15 டயருக்கு அது கிட்டத்தட்ட 127. பள்ளத்தில் இறங்கினால் எந்த ரிம் முதலில் வளையும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கட்டாமல் வைத்த பொருள் விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடவே கூடாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி மோதி நின்றால், பின்னால் கிடக்கும் கருவிப்பெட்டி அதே வேகத்தில் முன்னால் வரும். ஏறத்தாழ பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகம் அது. சீட் மடக்கிய செடானில் அதற்கும் உங்கள் தலைக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லை. பெரும்பாலான வேன்களில் இரும்புத் தடுப்பும் தளத்தில் கொக்கிகளும் உண்டு. பழைய வேனில் யாராவது தடுப்பைக் கழற்றியிருந்தால் திரும்பப் போட்டுவிட்டுத்தான் சரக்கு ஏற்ற வேண்டும்.

குடும்பத்தையும் ஏற்ற வேண்டும் என்றால் யோசனையே வேறு. சரக்கு வேனில் வழக்கமாக முன்வரிசை மட்டும்தான். பின்நோக்கிய குழந்தை இருக்கையை, ஏர்பேக் இயங்கும் நிலையில் உள்ள முன்சீட்டில் வைக்கவே கூடாது. ஏர்பேக்கை அணைக்கும் வசதி இல்லாவிட்டால் அந்த வேனில் கைக்குழந்தைக்கு இடம் இல்லை என்றுதான் அர்த்தம்.

நெடுஞ்சாலையில் அதிகம் ஓடுபவர்கள் குதிரைத்திறனை விட்டுவிட்டுக் காற்றைப் பார்க்க வேண்டும். வேகம் 90-லிருந்து 120 ஆனால் காற்றின் எதிர்ப்பு முக்கால் பங்குக்கு மேல் கூடும். உயரமான வேனுக்கு அந்தச் செலவு இன்னும் அதிகம். நகருக்குள் குட்டி ஓட்டங்கள் மட்டும் என்றால் டீசல் வேனின் புகை வடிகட்டி சரியாகச் சூடாகாமல் அடைத்துக்கொள்ளும். அந்த வேலைக்குப் பெட்ரோலோ மின்சாரமோ மேல். இன்ஷூரன்ஸில் வண்டியின் பயன்பாட்டை உள்ளபடியே எழுதுங்கள், கூலிக்குச் சரக்கு எடுப்பதையும் சேர்த்து.

பழைய வண்டி வாங்குபவர்கள் கிலோமீட்டர் எண்ணை மட்டும் நம்பிவிடுகிறார்கள். வேனில் பக்கக் கதவைப் பாதி திறந்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். உருளைகள் தேய்ந்திருந்தால் தொங்கும். ஓட்டுநர் சீட்டின் வெளி ஓரம் நைந்திருந்தால் பார்சல் போட்ட வண்டியாக இருக்கலாம், கிளட்ச்சையும் பாருங்கள். செடானில் நான்கு டயரும் நான்கு கம்பெனி என்றால், வேகத்துக்குச் செலவழித்தவர் பராமரிப்புக்குச் செலவழிக்கவில்லை. இன்ஜின் கணினியில் கை வைத்திருக்கிறார்களா என்பதை மெக்கானிக்கிடம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இந்த இரண்டைத் தவிர வேறு வண்டியே இல்லை என்று நினைத்துக்கொள்வதும் தவறுதான். ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். லிஃப்ட்பேக், பக்கத்திலிருந்து பார்த்தால் செடான். ஆனால் பின்கண்ணாடியோடு சேர்ந்து கதவு மேலே எழும், நான்காம் தலைமுறை ஆக்டேவியாவில் இடம் 600 லிட்டர். மாதத்தில் ஓரிரு நாள்தான் பெரிய சுமை என்றால் பிடித்த செடானை வாங்கிக்கொண்டு, அன்றைக்கு மட்டும் வேனை வாடகைக்கு எடுக்கலாம். வாரம் மூன்று நாளுக்கு மேல் ஏற்றுகிறவருக்கு என் ஓட்டு வேனுக்குத்தான்.

வேனை வாங்கி அதையே ஸ்போர்ட்டியாக்கிவிடலாம் என்ற யோசனையும் சிலருக்கு வரும். ஃபோர்டே 1971-இல் ஜிடி40 பந்தயக்காரின் பாகங்களுக்கு மேல் டிரான்சிட் உடலை மாட்டி 'சூப்பர்வேன்' என்று ஓட்டிக் காட்டியது. அது விளம்பரத்துக்கு. நீங்கள் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தினால், சுமைக்கு அமுங்க வேண்டிய இடம் போய்விடும். நான்கு மூட்டை ஏற்றியதும் பின்பக்கம் சஸ்பென்ஷனின் தடுப்பு ரப்பரில் இடித்துக்கொண்டே ஓடும். மாற்றியே தீருவேன் என்றால் சுமைக் குறியீடு (டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று அதில் பொறித்த எண்) குறையாத நல்ல டயர், நல்ல பிரேக் பேட், பிடிமானமான ஓட்டுநர் சீட் ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.