நாய்க்குத் தைராய்டு டெஸ்ட்: ரத்தம் எடுப்பதிலிருந்து மாத்திரை வரை

எங்கள் லேப்ரடார் தீனி கூடாமலே குண்டாகிக்கொண்டே போனது. எந்நேரமும் படுக்கை, வாலில் முடி கொட்டித் தோல் தெரிந்தது. தைராய்டு குறைவுதான் காரணம். இப்போது மாத்திரையில் நன்றாக ஓடுகிறது. கிருஷ்ணகிரி பக்கம் நாய் வளர்ப்பவர்களுக்காக முறையை எழுதுகிறேன்.

படி 1: ரத்தம் எடுக்கும் முன் 12 மணி நேரம் தீனி வேண்டாம், தண்ணீர் வைக்கலாம். (சர்க்கரைக்கு இன்சுலின் போடும் நாய் என்றால் டாக்டரைக் கேட்காமல் பட்டினி போடாதீர்கள்.) களியும் கறிச்சாறும் தின்ற கையோடு எடுத்தால் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) பால் மாதிரி வெளுத்து, கொழுப்புக் கணக்கே தப்பாகும்.

படி 2: டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்), டிஎஸ்எச் (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்), கொலஸ்ட்ரால், ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பு) நான்கையும் சேர்த்தே கேளுங்கள். தைராய்டு ஹார்மோன் குறைந்தால், எல்டிஎல் என்ற ‘கெட்ட’ கொழுப்பை ரத்தத்திலிருந்து கல்லீரலுக்குள் இழுக்கும் ஏற்பிகள் குறையும். ட்ரைகிளிசரைடை உடைக்கும் நொதியும் மந்தமாகும். இந்த நோயுள்ள நாய்களில் சுமார் முக்கால்வாசிக்குக் கொலஸ்ட்ரால் ஏறியிருக்கும்.

படி 3: எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். மனிதர்களுக்கான லேபில் கொடுத்தால், ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சாகும் ‘நார்மல்’ அளவு மனிதருடையது. மனிதருக்கு டி4 சுமார் 5 முதல் 12 வரை (டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில்). நாய்க்கு 1 முதல் 4 வரைதான். 2.5 உள்ள ஆரோக்கியமான நாய்க்கும் ‘குறைவு’ என்று கொட்டை எழுத்தில் வரும். கொலஸ்ட்ரால் நேர்மாறு: 250 என்றால் நமக்குத்தான் பதற்றம், நாய்க்கு அது சாதாரணம். மனித டிஎஸ்எச் கிட் நாயின் டிஎஸ்எச்சைச் சரியாகப் பிடிக்காது. ஆகவே கால்நடை டாக்டர் வழியாகப் பிராணிகளுக்கான லேபுக்கே அனுப்புங்கள். பெங்களூரு போய்வரும் செலவு தாராளமாகத் தகும்.

படி 4: மாத்திரை லெவோதைராக்சின். நாய்க்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 20 மைக்ரோகிராம், மனிதருக்கு 1.6தான். மெடிக்கலில் தயங்குவார்கள், சீட்டைக் காட்டுங்கள். அளவை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். வெறும் வயிற்றில், தினமும் ஒரே நேரத்தில் கொடுங்கள். சில வாரம் கழித்து, மாத்திரை கொடுத்த 4–6 மணி நேரத்தில் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். கொலஸ்ட்ரால் சீக்கிரம் இறங்கும். முடி வளர மாதக்கணக்காகும்.

பின்சேர்க்கை: வலிப்புக்கு ஃபீனோபார்பிட்டால் சாப்பிடும் தன் நாய்க்கு டி4 குறைவாக வந்ததாகத் தர்மபுரி வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அந்த மருந்தும் ஸ்டீராய்டும் டி4-ஐ இறக்கும். வேறு நோயில் துவண்டிருக்கும் நாய்க்கும் அப்படியே. மருந்துப் பட்டியல் முழுவதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டே டெஸ்ட் எடுங்கள்.