பழைய சுவரின் சாந்து நிறத்தைப் பிடிக்க வினிகர் போதும்

பழைய சுண்ணாம்புச் சுவரில் செங்கல் இடுக்குகளை மறுபடி பூசும் முன், பழைய சாந்தில் ஒரு துண்டை எடுத்து வினிகரில் கரைத்துப் பாருங்கள். மேல்பரப்பில் சுரண்டாதீர்கள், அங்கே இருப்பது அழுக்கோ, பின்னால் யாரோ போட்ட ஒட்டோ. 2 செ.மீ. உள்ளே தள்ளி, கட்டைவிரல் அளவு போதும். மரக்கட்டையால் நசுக்குங்கள், இரும்புச் சுத்தியல் மணலையே உடைத்துவிடும். கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வினிகர் ஊற்றினால் நுரைத்துப் பொங்கும். நுரை நின்றதும் வடித்துவிட்டுப் புது வினிகர். பொங்காத வரை இப்படியே. ஒன்றிரண்டு நாள் ஆகும். கழுவிக் காயவைத்தால் அடியில் மிஞ்சுவது அந்தக் காலத்து மணல்.

வினிகரின் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும், சாதாரண மணலைத் தொடாது. வெயில் மழையில் மேலிருக்கும் சுண்ணாம்பு அரித்துப்போவதால், பழைய இடுக்கில் கண்ணுக்குத் தெரியும் நிறம் பெரும்பாலும் மணலுடையதுதான். மணலைப் பொருத்திவிட்டால் நிறப்பொடிக்குச் செலவே இல்லை (சில நிறப்பொடிகள் சில வருடங்களில் வெளுத்துக் காட்டிக்கொடுக்கும்). நிறத்தோடு மணல்துகளின் பருமனையும் பாருங்கள். புது மணலில் செய்த மாதிரிக் கலவை நன்றாகக் காய்ந்த பிறகே பழைய சாந்தோடு ஒப்பிடுங்கள். ஈரத்தில் எல்லாமே கருத்துத் தெரியும்.

சிப்பித்தூளோ சுண்ணாம்புக்கல் மணலோ கலந்திருந்தால் இது உதவாது, அதுவும் சேர்ந்தே கரைந்துபோகும். வெறும் மண் சாந்து நுரைக்காது, தண்ணீரிலேயே குழைந்துவிடும்.