மேடையின் நடுவில் பார்வையற்ற கலைஞர்: கச்சேரி நடத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நவராத்திரி, ராமநவமி, தியாகராஜ ஆராதனை ஆகிய நாட்களை ஒட்டிச் சிறு சபாக்களும் கோயில் விழாக் குழுக்களும் கர்நாடக இசைக் கச்சேரிகளை நடத்துகின்றன. அத்தகைய மேடை ஒன்றில் முதன்மைக் கலைஞராக அமர்வதற்குப் பார்வையற்ற பாடகரையோ வாத்தியக் கலைஞரையோ அழைக்க விரும்பும் குழுவினருக்காக இதை எழுதுகிறேன். பல ஆண்டுகளாகப் பாடகர்களுக்குப் பின்னால் தம்புரா போட்டு அமர்ந்திருப்பவன் என்ற முறையில் நான் கண்டுகொண்டது ஒன்றுதான். இசையைப் பொறுத்தவரை அக்கலைஞருக்கு நம்முடைய உதவி எதுவும் தேவையில்லை; ஆனால் மேடையில் கண்ணாலும் கையசைவாலும் ஓயாமல் பரிமாறப்படுகிற செய்திகளை எல்லாம் காதுக்கும் தொடுகைக்கும் உரியவையாக மாற்றித் தருவது நடத்துபவரின் வேலை.

குழுக் கூட்டத்தில் எவரேனும் ஒருவர், “இரண்டரை மணி நேரம் தனியாகச் சமாளிப்பாரா?” என்று கேட்பார். அவருக்கு வரலாற்றையே பதிலாகச் சொல்லலாம். கும்பகோணம் சரப சாஸ்திரிகள் (1872–1904) குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்தவர். கர்நாடக இசையில் புல்லாங்குழலைத் தனிக் கச்சேரிக்கு உரிய வாத்தியமாக உயர்த்தியவர் அவரே. வயலின் தனிக் கச்சேரிக்கு வழி திறந்தவர்களுள் முதன்மையானவரான துவாரம் வெங்கடசாமி நாயுடுவும் (1893–1964) பார்வைக் குறைபாடு உடையவர். 1941-இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். குழந்தைப் பருவத்தில் பார்வையை இழந்த வயலின் வித்வான் எம். சந்திரசேகரன் 2005-இல் அதே விருதைப் பெற்றார். பக்கவாத்தியமாகவோ துணையாகவோ இருந்த இரண்டு வாத்தியங்களை மேடையின் நடுவிடத்துக்குக் கொண்டுவந்த பெருமையில் பார்வை குன்றியவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. நம்முடைய இசை குருவின் வாயிலிருந்து காதுக்கு வரும் பாடாந்தரத்தில் வளர்ந்தது. மேடையில் தாளைப் பார்த்துப் பாடுவது குறையாகவே கருதப்படுகிறது. ஆகவே இந்த ஐயத்துக்கு அடிப்படை இல்லை.

அழைப்பின்போது சன்மானத்தை முதலிலேயே பேசிவிட வேண்டும். அதே தகுதியுள்ள வேறொரு கலைஞருக்கு என்ன தருவீர்களோ அதையே தர வேண்டும்; “வாய்ப்பு கொடுக்கிறோம்” என்ற சொல் பேச்சில் வரவே கூடாது. உடன் வருபவரின் பயணச் செலவும் தங்குமிடமும் உங்கள் கணக்கில் சேரும். முழுமையாகப் பார்வையற்றவருக்கும் அவருடன் வருபவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. படுக்கை வகுப்பில் அது 75 விழுக்காடு. அதற்குரிய அட்டை கலைஞரிடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு பயணச்சீட்டு எடுங்கள். சலுகையில் மிச்சமாகும் தொகையைச் சன்மானத்தில் கழிக்காதீர்கள். அழைப்பிதழில் அவருடைய பெயர், குருவின் பெயர், பக்கவாத்தியக்காரர்களின் பெயர்கள் ஆகியவை மற்ற கச்சேரிகளில் வருவது போலவே வரட்டும். பார்வையைப் பற்றி எழுதலாமா என்பதை அவரிடமே கேளுங்கள். பெரும்பாலோர் வேண்டாம் என்றே சொல்வார்கள்.

சில குழுக்கள் தங்கள் ஊர்ச் சுவாமி மீது இயற்றப்பட்ட பாடலைப் பாடச் சொல்வதுண்டு. அந்தப் பாடல் வரிகளைக் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்புவது பயன்படாது. திரையில் உள்ளதை உரக்கப் படித்துச் சொல்லும் கைப்பேசியின் திரைவாசிப்பான், படத்தில் உள்ள கையெழுத்தை நம்பத்தக்க விதத்தில் படிப்பதில்லை. பழைய அச்சக எழுத்துருவில் தட்டச்சு செய்ததையும் பொருளற்ற ஒலிகளாகவே அது உச்சரிக்கும். யூனிகோடு தமிழில் தட்டச்சு செய்து அனுப்புங்கள். அதனுடன் மெட்டறிந்த ஒருவர் ஒவ்வொரு அடியையும் நிறுத்தி நிறுத்திப் பாடிய ஒலிப்பதிவையும் சேர்த்து, குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பு அனுப்புங்கள். பிரெயில் பழகியவர் அதைக் கேட்டுத் தம் ஏட்டில் ஆறு புள்ளி எழுத்தில் தாமே எழுதிக்கொள்வார்.

இனி மேடை. கச்சேரி மாலை ஆறு மணிக்கு என்றால், கலைஞர் நான்கரை மணிக்கெல்லாம் ஆளில்லாத மேடையில் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். அழைத்துச் செல்பவர் அவருடைய கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, பின்னாலிருந்து தள்ளவும் கூடாது. தம் முழங்கையை அவர் பற்றிக்கொள்ளும்படி நீட்டி, அரை அடி முன்னால் நடக்க வேண்டும். படி வரும்போது “படி, ஏறுகிறோம், மொத்தம் ஐந்து” என்று சொன்னால் போதுமானது. ஜமுக்காளத்தின் முன் விளிம்பிலிருந்து மேடையின் ஓரம் எவ்வளவு தூரம் என்பதை அவர் காலால் அளந்து அறியட்டும். நான் ஒரு சிறு வேலை செய்வதுண்டு: சணல் கயிறு ஒன்றை அவர் அமரும் இடத்துக்கு முன்னால் குறுக்காக வைத்து, அதன்மேல் அகலமான ஒட்டுநாடாவை ஒட்டிவிடுவேன். உட்காரும்போது விரலுக்கும் எழும்போது கால் பெருவிரலுக்கும் அந்தப் புடைப்பு தட்டுப்படும். தாம் மேடையின் நடுவில், சபையை நேராக நோக்கி அமர்ந்திருக்கிறோம் என்ற உறுதி அவருக்குக் கிடைக்கும். குத்துவிளக்கை எங்கே வைக்கிறீர்கள் என்பதில் மிகுந்த கவனம் தேவை. அவர் நடந்து வரும் வழியிலும் அங்கவஸ்திரமோ சேலைத் தலைப்போ படும் தூரத்திலும் எரியும் விளக்கு இருக்கவே கூடாது. மைக் வயர்களை நாடாவால் தரையோடு ஒட்டிவிடுங்கள்.

எவர் எங்கே அமர்கிறார்கள் என்பதையும் அவருக்கு முன்பே சொல்லுங்கள். மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வலக்கையால் வாசிக்கும் முகம், சபையை நோக்கி இருக்க வேண்டும் என்பதால், பாடகரின் வலப்பக்கம் மிருதங்கமும் இடப்பக்கம் வயலினும் அமர்வது வழக்கம். மிருதங்க வித்வான் இடக்கைக்காரராக இருந்தால் இந்த வரிசை மாறிவிடும். பார்வையுள்ளவர் ஏறி அமர்ந்ததும் இதைக் கண்டுகொள்வார். பார்வையற்றவரோ வயலின் இல்லாத பக்கம் முகத்தைத் திருப்பி வயலினுக்கு ஸ்வரம் விட நேரும்.

மைக்கைப் பொறுத்தவரை, சரிபார்ப்பு முடிந்த பிறகு அதை எவரும் நகர்த்தக் கூடாது என்று ஒலிபெருக்கிக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் என்று கலைஞர் தம் கையாலேயே அளந்து வைத்திருப்பார். நடுவில் அறிவிப்பாளர் வந்து அந்த மைக்கில் பேசிவிட்டுச் சற்றே திருப்பி வைத்தால், அடுத்த உருப்படி, அதாவது அடுத்த பாடல், முழுவதும் குரல் தேய்ந்து ஒலிக்கும். அறிவிப்புக்குத் தனி மைக் வைப்பதற்குப் பெரிய செலவு ஆவதில்லை.

மேடைக் குறிப்புகளுக்குத்தான் எல்லாவற்றையும் விடக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். ஒரு கச்சேரியில் எத்தனை செய்திகள் பார்வையால் மட்டுமே போகின்றன என்பதைப் பின்னால் அமர்ந்து பார்த்தால்தான் தெரியும். தந்தி இறங்கிவிட்டது, சற்றுப் பொறுங்கள் என்று வயலின்காரர் கண்ணால் சொல்வார். அடுத்தது தனியா, அதாவது தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனமா என்று மிருதங்கக்காரர் புருவத்தை உயர்த்துவார். கஞ்சிரா வித்வான் சுருதி சேர்த்து முடித்ததும் தலையசைப்பார். பாடகர் கையால் போடும் தாளத்தைப் பக்கவாத்தியக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள், அதில் சிக்கல் இல்லை. அவர்களிடமிருந்து பாடகருக்குத் திரும்பி வரும் செய்திதான் வழியில் நின்றுவிடுகிறது. எனவே கச்சேரிக்கு முன் அரை மணி நேரம் நால்வரும் சேர்ந்து உட்கார்ந்து, வரப்போகும் உருப்படிகளையும், எந்த உருப்படியில் நிரவல் (ஓர் அடியையே பலவிதமாக விரித்துப் பாடுவது), எந்த அடியில், ஸ்வரத்துக்கு எடுப்பு (தாளத்தில் தொடங்கும் இடம்) எங்கே, தனி எப்போது என்பதையும் வாய்விட்டுப் பேசிக்கொள்ள வேண்டும். வயலின்காரர் தயாரானதும் ஷட்ஜத்தை (ஸ) மெல்ல ஒருமுறை இழுப்பதும், மிருதங்கக்காரர் வலந்தலையில் ஒரே ஒரு தட்டு தட்டுவதும் போதுமான குறிப்புகளாகும். சபையோருக்கு அவை சுருதி சரிபார்ப்பதாகவே கேட்கும். தனி ஆவர்த்தனத்தில் கவலைப்பட ஒன்றுமில்லை. முடிப்புக்கு வாசிக்கும் கோர்வை மூன்று முறை வந்து முடிவதைக் காதே சொல்லிவிடும். தனி முடிந்ததும் பல்லவியை எடுப்பதில் பார்வையற்ற கலைஞர்களைப் போல் துல்லியமானவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

நேரக் குறிப்பு தனியாகச் சொல்ல வேண்டிய செய்தி. வைகைக் கரையோர ஊர் ஒன்றின் விழாவில் பார்வையற்ற பாடகி ஒருவர் காம்போஜி ராகத்தில் நிரவல் செய்துகொண்டிருந்தார். விழாக் குழுவைச் சேர்ந்த ஒருவர் குனிந்து வந்து, “5 நிமிடம்” என்று எழுதிய சீட்டை அவருக்கு முன்னால் ஜமுக்காளத்தில் வைத்துவிட்டுப் போனார். வயலின்காரர் சீட்டைப் பார்த்தார். பாடகிக்கும் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். நானும் பின்னாலிருந்து அப்படியே நினைத்தேன். பாடகி நிரவலை மேல் காலத்துக்கு (விரைவு நடைக்கு) கொண்டு சென்ற வேளையில், மரியாதை செய்ய வேண்டும் என்று மைக்கை அணைத்துவிட்டார்கள். பாதி அடியில் குரல் வெறுங்காற்றில் நின்றது. அன்று இரவு காரில் ஏறும்போது அவர் கேட்டார்: “அண்ணா, நான் ஏதாவது தப்பா பாடிட்டேனா?” சீட்டைப் படித்துச் சொல்லாமல் இருந்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் அந்தக் கேள்வி இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

அதன் பிறகு நாங்கள் கடைப்பிடிக்கும் முறை இது. நேரத்தைச் சொல்லும் பொறுப்பைத் தம்புராக்காரர் ஒருவரிடமே ஒப்படைக்க வேண்டும். கலைஞரின் ஒப்புதலைப் பெற்று, இடது தோளில் ஒருமுறை விரல் பட்டால் அரை மணி நேரம் மிச்சம், இருமுறை பட்டால் பத்து நிமிடம், உள்ளங்கை முழுவதும் பட்டால் மங்களம் பாடி முடிக்கலாம் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். ராக ஆலாபனை உச்சத்தில் இருக்கும்போது தொடக் கூடாது. மூச்சு விடும் இடத்திலோ, வயலின் வாசிக்கும் நேரத்திலோ மட்டுமே தொட வேண்டும். ரசிகர்கள் அனுப்பும் விருப்பச் சீட்டுகளையும் தம்புராக்காரரே இரண்டு உருப்படிகளுக்கு இடையில் காதருகே படித்துச் சொல்லட்டும்.

இரைச்சலைக் குறித்து ஒரு வார்த்தை. பார்வையற்றவர் இடத்தையும் திசையையும் ஒலியால் அறிகிறார். ஆகவே பேரிரைச்சல் அவருக்கு மூடுபனி போன்றது. சித்திரைத் திருவிழா நாட்களில் தெருவெங்கும் குழாய் ஒலிபெருக்கி அலறும்போது திறந்தவெளி மேடையில் கச்சேரி வைத்தால், பக்கவாத்தியமும் சுருதியும் அவருக்குக் கேட்கும்படி மேடையிலேயே தனி ஒலிபெருக்கி ஒன்றை அவரை நோக்கி வைத்துத்தான் ஆக வேண்டும். மதுரை லட்சுமி சுந்தரம் ஹால் போன்ற மூடிய அரங்கு கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். மின்சாரம் நின்றால் சுருதிப் பெட்டியும் நின்றுவிடும் என்பதால், எந்த அரங்கானாலும் தம்புரா ஒன்று கூடவே இருப்பது நல்லது.

பொன்னாடை போர்த்தும்போது, “இன்னார் வந்திருக்கிறார், பொன்னாடை போர்த்துகிறார்” என்று முதலில் அருகிலிருந்து சொல்லிவிட்டுப் போர்த்துங்கள். முன்னறிவிப்பின்றித் தோளில் துணி விழுந்தால் எவரும் திடுக்கிடத்தான் செய்வார்கள். பாராட்டிப் பேசுபவரிடம், காம்போஜியைப் பற்றிப் பேசுங்கள், கண்ணைப் பற்றிப் பேச வேண்டாம் என்று பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சன்மானத்தை வங்கிக் கணக்கில் செலுத்துவதே சிறந்தது. உறையில் தருவதானால் தொகையையும் நோட்டுகளின் மதிப்பையும் அவரிடமே வாயால் சொல்லுங்கள், உடன் வந்தவரிடம் கொடுத்துவிட்டு நகர வேண்டாம். நோட்டை அடையாளம் சொல்ல ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்ட ‘மணி’ என்ற செயலியைப் பலர் கைப்பேசியில் வைத்திருக்கிறார்கள். அவர் நின்று எண்ணிப் பார்க்கும் அவகாசத்தை அவருக்குக் கொடுங்கள்.

கச்சேரியின் ஒலிப்பதிவை இரண்டு நாட்களுக்குள் அனுப்பிவிடுங்கள். ஒரே நீளப் பதிவாக அனுப்பாமல், உருப்படி உருப்படியாகப் பிரித்து, ஒவ்வொரு கோப்புக்கும் ராகம், தாளம், தேதி ஆகியவற்றைத் தமிழில் பெயராக இடுங்கள். திரைவாசிப்பான் அந்தப் பெயரைப் படித்துச் சொல்லும்போது வேண்டியதை அவரே தேடி எடுத்துக் கேட்பார்.