சாலையோரக் குத்துக்கல்லைப் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கொங்குப் பக்கம் ஒரு கிளைச்சாலை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் அருகில் வண்டியை நிறுத்தி, "ஐயா, இங்க நெடுங்கல் எங்கீங்க இருக்குது?" என்று கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "அப்படி ஒண்ணும் இந்தப் பக்கம் இல்லீங்களே" என்றார். அடுத்த இரண்டு ஊர்களையும் சுற்றிவிட்டு முக்கால் மணி நேரம் கழித்து அதே வழியில் திரும்பினால், அவருடைய ஆடுகள் நிழலுக்கு ஒதுங்கியிருந்ததே நான் தேடி வந்த கல்லுக்கு அடியில்தான். போகும்போது சோளக்காட்டு மறைவில் என் கண்ணுக்குத் தெரியவில்லை. "குத்துக்கல்லுன்னு கேட்டிருந்தா அப்பவே கையக் காட்டியிருப்பனுங்க" என்றார் பெரியவர்.

புத்தகப் பெயரை வைத்துக்கொண்டு ஊருக்குள் தேடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. பழங்காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த இடத்தில் நட்டு நிறுத்திய உயரமான ஒற்றைக் கல்தான் நெடுங்கல். நெடுங்கல், நெடுநிலைக்கல் என்பதெல்லாம் தொல்லியல் படித்தவர்கள் புழங்கும் சொற்கள். ஊரில் அது குத்துக்கல், இல்லாவிட்டால் வெறுமனே பெரிய கல். பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் போட்ட கற்திட்டையாக இருந்தால் பாண்டவர் வீடு, குள்ளர் வீடு என்பார்கள். கேரளத்து மறையூர்ப் பக்கம் முனியறை. விழுப்புரம் மாவட்டம் உடையார்நத்தத்தில் மனித உருவம் போல வெட்டி நிறுத்திய பெருங்கல்லுக்கு விசிறிப்பாறை என்று பெயர். விசிறியை நினைத்துக்கொண்டு பார்த்தால் பெயர் வைத்தவருக்கு நல்ல கண் என்று தோன்றும். ஊத்துக்குளி அருகே குமரிக்கல்பாளையத்தில் கல் ஊர்ப் பெயருக்குள்ளேயே நிற்கிறது. கிளம்பும் முன் வரைபடத்தில் சுற்றுவட்டார ஊர்ப் பெயர்களை ஒரு முறை வாசியுங்கள். கூகுள் மேப்பில் குத்தியிருக்கும் முள்ளை மட்டும் நம்ப வேண்டாம். அது சில சமயம் அடுத்த தோட்டத்துக்குக் கூட்டிப் போய்விடும்.

நிற்பதெல்லாம் நெடுங்கல் அல்ல

ஆர்வக்கோளாறு வந்துவிட்டால் சாலையோரத்தில் செங்குத்தாக நிற்பதெல்லாம் மூவாயிரம் வருஷத்துக் கல்லாகத் தெரியும். எனக்கும் தெரிந்தது. ஒரு பழைய கிணற்றோரம் ஜோடியாக நின்ற இரண்டு கற்களைக் காட்டி, கூட வந்த நண்பர்களிடம் பத்து நிமிஷம் பெருங்கற்காலம் பற்றிப் பேசினேன். தோட்டத்து அம்மா வந்து, "எங்க மாமனார் கவலை ஓட்டுன கல்லுங்க அது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மாடு கட்டித் தண்ணீர் இறைத்த காலத்தில் உருளையைத் தாங்க நட்ட கற்கள் அவை. மோட்டார் வந்த பிறகும் பிடுங்கப்படாமல் நிற்கின்றன.

இப்படி ஏமாற்றும் கற்கள் இன்னும் உண்டு. இரண்டு கல்லை நட்டு மேலே ஒன்றைப் படுக்கவைத்தால் அது சுமைதாங்கி. தலைச்சுமையை இறக்கி இளைப்பாற வழியில் வைத்தது, பல இடங்களில் பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக வைத்தது. கற்திட்டை என்று இதைப் படமெடுத்துப் போடுகிறவர்கள் நிறையப் பேர். மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்வதற்கென்றே நட்ட ஆவுரிஞ்சிக் கல் யாழ்ப்பாணத்திலும் உண்டு, நம் பக்கமும் உண்டு. சூலமோ சக்கரமோ செதுக்கியிருந்தால் கோயிலுக்கு விட்ட நிலத்தின் எல்லைக்கல்லாக இருக்கலாம். வில்லோடும் வாளோடும் ஒருவன் நின்றால் அது சண்டையில் இறந்த வீரனுக்கு நட்ட நடுகல். அதில் பெரும்பாலானவை வரலாற்றுக் காலத்தவை.

ஆனால் நெடுங்கல்லையும் நடுகல்லையும் இரண்டு தனிப் பெட்டிகளில் போட்டு மூடிவிடுவதும் தவறுதான். 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்த கற்களைப் பாருங்கள். உருவம் எதுவும் இல்லாத சின்னக் குத்துக்கற்கள். ஆனால் தமிழி எழுத்து, அதாவது தமிழ் பிராமி எழுத்து, இருக்கிறது. கூடல் ஊரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த சண்டையில், இறந்த ஒருவனின் பெயரை ஒரு கல் சொல்கிறது. எழுத்தில்லாத ஈமக்கல்லிலிருந்து எழுத்துள்ள நடுகல்லுக்கு வழக்கம் எப்படி நகர்ந்தது என்பதற்கு அவை நடுவழிச் சாட்சி. சங்கப் பாடல்களும் நடுகற்களைப் பாதையோரத்தில், வழிப்போக்கர் கண்ணில் படும்படிதான் நிறுத்துகின்றன.

பழைய நெடுங்கல்லை அடையாளம் காண ஓரளவு உதவும் குறிப்பு ஒன்று: பெரும்பாலும் அதன் முகம் பாறையிலிருந்து பெயர்த்தபடியே கரடுமுரடாக இருக்கும். ஓரத்தில் வரிசையாக உளிக்குழிகள் தெரிந்தால் பிற்காலத்துக் கல்லுடைப்பைச் சந்தேகிக்கலாம். அதைவிட நம்பகமான அடையாளம் கல்லில் இல்லை, தரையில் இருக்கிறது.

காலடியைப் பார்க்காமல் நடப்பது

என்னைக் கேட்டால் இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். காரிலிருந்து இறங்கி நேரே கல்லிடம் போய்ப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். போகும் வழியில் அவர்கள் மிதித்துத் தாண்டிய உருண்டைக் கற்கள் கல்வட்டத்தின் ஓரமாக இருந்திருக்கும்.

நெடுங்கல் பெரும்பாலும் ஓர் ஈமக்காட்டின் பகுதி. சுற்றிலும் கல்வட்டங்கள், மண்ணுக்குள் கல்லறைகள், தாழிகள், கற்குவைகள் இருக்கக்கூடும். திருவண்ணாமலை மாவட்டம் தானிப்பாடி அருகே மோட்டூரில் மூன்று மீட்டருக்கு மேல் உயரமுள்ள மனித உருவக் கல்லைப் பார்க்கப் போகிறவர்கள் அந்த உருவத்தையே வியந்துவிட்டு வருகிறார்கள். அது ஒரு கல்வட்டத்தோடு சேர்ந்து நிற்கிறது என்பதைச் சொன்னால்தான் பலர் திரும்பிப் பார்க்கிறார்கள். நொய்யல் கரையில் கொடுமணலில் மேற்பரப்பில் தெரிந்த கல்வட்டங்களுக்கு அடியில்தான் கல்லறைகளும், கல்மணிகளும், இரும்புப் பொருள்களும் கிடைத்தன. மேலே தெரிவது வெறும் கல் குவியல் மாதிரிதான் இருக்கும்.

அதனால் கல்லிடம் போகும் முன் இருபது முப்பது அடி தள்ளி நின்று ஒரு சுற்று வாருங்கள். கற்கள் வளைவாகப் போகின்றனவா? வட்டத்தில் பாதி காணாமல் போய் வரப்பில் குவிந்திருக்கிறதா? டிராக்டருக்கு இடைஞ்சல் என்று உழவர்கள் ஒதுக்கியிருப்பார்கள். உழுத மண்ணில் உள்பக்கம் கறுப்பும் வெளிப்பக்கம் சிவப்புமாக ஓட்டாஞ்சில் கிடந்தால் இடம் பழையது என்று நினைக்கக் காரணம் உண்டு. பாருங்கள், படமெடுங்கள், ஆனால் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். எந்த இடத்தில் கிடந்தது என்பது போய்விட்டால் ஓடு வெறும் ஓடு.

அடியில் நெருக்கமாகக் கிடக்கும் சின்னக் கற்களை உட்கார வசதியாக இருக்கிறதே என்று புரட்டுவதும் உண்டு. குழி தோண்டிக் கல்லை இறக்கி, ஆடாமல் நிற்கச் சுற்றிலும் கல்லைத் திணித்து இறுக்குவது நெடுங்கல் நடும் முறை. நீங்கள் புரட்டுவது அந்த ஆப்பாக இருக்கலாம். ஏறுவது, கயிறு கட்டி இழுத்துப் பார்ப்பது, நான்கு பேர் சேர்ந்து சாய்வது இதெல்லாம் சொல்லவே வேண்டியதில்லை. கற்திட்டைக்குள் தவழ்ந்து போய்ப் படமெடுப்பவர்களுக்குத் தேளும் பாம்பும் பதில் சொல்லும்.

கல்லின் முகத்தில் சின்னக் கிண்ணம் போன்ற குழிகளோ கீறல்களோ இருந்தால், தெளிவாகத் தெரியட்டும் என்று சாக்பீஸால் வரைவார்கள், மாவு பூசுவார்கள், எண்ணெய் தடவுவார்கள். வேண்டாம். காலை ஏழு, ஏழரைக்கோ சாயங்காலம் ஐந்தரைக்கோ போனால் சாய்வெயில் அந்த வேலையைச் செய்துவிடும். உச்சிவெயிலில் ஒன்றுமில்லை என்று நினைத்த முகத்தில் அப்போது குழி குழியாக நிழல் விழும். குடையையோ ஒரு துண்டையோ பிடித்து நிழல் மறைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்தும் பார்க்கலாம்.

சாமியாகிவிட்ட கல்

மஞ்சள், குங்குமம், அடியில் எலுமிச்சம்பழம், சில இடங்களில் வேல். இதைப் பார்த்ததும், "தொல்லியல் சின்னத்தை இப்படியா கெடுப்பது" என்று ஊர்க்காரர்களிடம் பாடம் நடத்தத் தொடங்குபவர்களோடு நான் போனதுண்டு, கூச்சமாக இருந்தது. உண்மையில், கும்பிடப்பட்டதால்தான் பல கற்கள் கல்லுடைப்பவரிடமிருந்து தப்பின. தெலங்கானாவில் கிருஷ்ணா ஆற்றங்கரை முடுமலில் இருக்கும் நெடுங்கற்கள் 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன; அங்கும் ஊர்மக்கள் கற்களை வழிபட்டே வருகிறார்கள். செருப்பைக் கழற்றுங்கள், படமெடுக்கலாமா என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். நீங்களாகப் புதிதாகச் சூடம் ஏற்றிவைக்க வேண்டாம், சூடும் கரியும் கல்லுக்கு ஆகாது. நிலம் பட்டா நிலமாக இருந்தால் உழவரின் அனுமதியும் வேண்டும். "கொஞ்சம் கல்லைப் பார்த்துட்டுப் போறோங்க" என்று சொன்னால் மறுப்பவர்கள் குறைவு. வெள்ளாமை நிற்கும்போது வரப்பை விட்டு இறங்கினால் மட்டும் வசவு விழும், நியாயமாகவே.

அவர்களிடம் பேசும்போது வாயில் வரக்கூடாத சொல் ஒன்று இருக்கிறது: புதையல். கல்லறை என்று சொன்னாலே, உள்ளே என்ன இருக்கும் என்ற கேள்வி வரும். விளையாட்டாகத் தங்கம் கிங்கம் என்று சொல்லிவிட்டு நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள். இரவில் கடப்பாரையோடு யாராவது வருவார்கள். உள்ளே கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் எலும்பு, பானை, துருப்பிடித்த இரும்பு என்பதைச் சொல்லிவிட்டு வருவது நல்லது. அதிகம் அறியப்படாத இடத்தின் படத்தைத் துல்லியமான இருப்பிடக் குறியோடு இன்ஸ்டாகிராமில் போடுவதும் அதே வேலையைத்தான் செய்கிறது. மாவட்டப் பெயர் போதும்.

சட்டமும் இருக்கிறது. மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சேதப்படுத்தினால் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாநில அரசு பாதுகாக்கும் இடங்களுக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் சாலையோரக் கற்களில் பல எந்தப் பட்டியலிலும் இல்லை. அறிவிப்புப் பலகை இல்லையென்றால் யாருக்கும் அக்கறையில்லாத கல் என்று பொருளல்ல.

வயதைக் கூட்டிச் சொல்வது

கல்லைப் பார்த்து வயது சொல்ல முடியாது. கரிமக் கணிப்புக்குக் கரி, எலும்பு, நெல் போல உயிர்ப்பொருள் வேண்டும். நெடுங்கல்லில் அது கிடையாது. பக்கத்துக் கல்லறையில் கிடைப்பதை வைத்துத்தான் ஊகிக்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த ஈமத்தாழிகளிலிருந்து இரும்புக்குக் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை போகும் காலக்கணக்கு வந்திருப்பதாகத் தமிழ்நாடு அரசு 2025இல் அறிவித்ததிலிருந்து, எந்தக் குத்துக்கல்லைப் பார்த்தாலும் ஐயாயிரம் வருஷம் என்கிறார்கள். அந்தக் கணக்கு அந்தத் தாழிகளுக்கு. தமிழகத்துப் பெருங்கற்சின்னங்கள் இரும்புக்காலத்தில் தொடங்கிச் சங்ககாலம் வரைக்கும் எழுப்பப்பட்டவை, இடையில் நெடுங்காலம் ஓடியிருக்கிறது. "இரும்புக்காலத்ததாக இருக்கலாம்" என்று நிறுத்திக்கொண்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

சூரியன் கதையும் இப்படித்தான். கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டம் நிலஸ்கல் போல பல கற்கள் சேர்ந்து நிற்கும் இடங்களில், கதிர்த்திருப்ப நாளில், அதாவது சூரியன் வடக்கிலோ தெற்கிலோ கடைசி எல்லையைத் தொட்டுத் திரும்பும் நாளில், அது உதிக்கும், மறையும் திசையோடு கற்கள் பொருந்துவதை ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஒற்றைக் கல்லுக்கு முன்னால் போனில் திசைகாட்டியைத் திறந்து இது வானியல் கூடம் என்பது வேறு. ஒரு கல் எந்தத் திசைக்கும் பொருந்தும்.

அப்புறம், வழி. கிராமச் சாலை வளைவில் பாதி டயரைத் தார்ரோட்டில் வைத்து நிறுத்தாதீர்கள், கரும்பு லாரி வரும். கரிசல் மண்ணில் மழை பெய்த மறுநாள் போனால் செருப்பு உங்களோடு திரும்பாது; சீமைக்கருவேல முள் இருக்கும் இடத்தில் ரப்பர் செருப்பே உதவாது. அறுப்பு முடிந்த மாசி, பங்குனியில் காடு வெறுமையாக இருக்கும், தரையிலுள்ள வட்டங்கள் நன்றாகத் தெரியும்.

யாரும் எழுதாத கல் ஒன்றைப் பார்த்துவிட்டதாகத் தோன்றினால் உயரம், அகலம், தடிமன் அளந்துகொள்ளுங்கள். டேப் இல்லையென்றால் குடையைப் பக்கத்தில் நிறுத்திப் படமெடுங்கள். அகலமான முகம் எந்தத் திசையைப் பார்க்கிறது, ஊரார் அதை என்ன பெயரில் சொல்கிறார்கள் என்பதையும் குறித்து, தமிழ்நாடு அரசு தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம், கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை. சாலை அகலப்படுத்தும் வேலை அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தால் அதையும் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.